ஜீப்புக்கும் வீட்டுக்கும் நடுவில்

மாலை நாலரைக்கு மேல் போடிமெட்டு மலையிலிருந்து ஜீப்புகள் அடிவாரத்துக்கு வரத் தொடங்கும். வளைவுக்கு வளைவு உறுமி, முக்கி, பிரேக்கைக் கடித்துக்கொண்டு வருகிற வண்டி, கடைசிக் கொண்டை ஊசியைத் தாண்டியதும் கியரை மாற்றி ஒரு பெருமூச்சு விடும். என் வீடு முந்தலுக்குப் பக்கத்தில், சாலையோரத்தில். அந்தப் பெருமூச்சு கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். பொங்கிக்கொண்டிருக்கிற உலையைக்கூட அப்படியே விட்டுவிட்டு வந்ததுண்டு. ஜீப்பு போய்விடும். ஏலக்காய் வாசமும் தோட்டத்துப் பூச்சிமருந்து நெடியும் கலந்த ஒரு காற்று மட்டும் சாலையில் கொஞ்ச நேரம் நிற்கும். நானும் நிற்பேன்.

கிராம சுகாதார செவிலியராக இருபத்தேழு வருடம் இந்த அடிவாரத்தில் நடந்தேன். முழங்கால் இரண்டும் கைவிட்டதும் ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். போன மாதம், புதிதாக இந்த வேலைக்கு வந்த உங்களில் நாலு பேர் வந்திருந்தீர்கள். தோளில் புதுப் பை, கையில் பதிவு செய்கிற டேப்லெட், கண்ணில் இன்னும் தூசி படாத ஆர்வம். "உங்க அனுபவத்தச் சொல்லுங்கக்கா" என்றீர்கள். நான் டீ போட்டுக் கொடுத்து, மழையைப் பற்றியும் மாறுதல் உத்தரவுகளைப் பற்றியும் பேசி மழுப்பி அனுப்பிவிட்டேன். நீங்கள் தெருமுனை திரும்பியதும் எனக்கே வெட்கமாக இருந்தது. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதில் நான் நல்லபடியாக வருவதில்லை. அதனால்தான் வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பாண்டிச்செல்விக்கு அப்போது இருபத்து மூன்று வயது. முந்தலுக்கு இந்தப் பக்கம் ஒரு காலனியில் வீடு. மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. புருஷன் காளிராஜ் அதே மலையில் நிழல்மரம் கழிக்கிறவன். ஏலச்செடிக்கு வெயில் அதிகமானாலும் ஆகாது, நிழல் அதிகமானாலும் ஆகாது. மரத்தின் மேல் ஏறி, கிளையைக் கழித்து, செடிக்கு வேண்டிய அளவு வெளிச்சத்தை விடுகிற வேலை அவனுடையது. ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தான். தொடையெலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். அவன் வீட்டில், அவள் மலையில். குழந்தைக்குத் தன்ஷிகா என்று பெயர். மூன்று மாதம் முடிந்த மறுநாள் பாண்டிச்செல்வி ஜீப்பில் ஏறிவிட்டாள். ஏறாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தவளை யார் எழுப்புவது?

காலை ஆறு மணிக்கு ஜீப்பு. அதற்குள் பாலைப் பீய்ச்சி இரண்டு டம்ளரில் மூடி, ஈரத்துணி சுற்றிய பானையருகே வைத்துவிட்டுப் போவாள். காளிராஜ் அதைப் பாலாடைச் சங்கில் ஊற்றி, சொட்டுச் சொட்டாகக் குழந்தைக்குப் புகட்டுவான். அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தவள் நான். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து ஓர் ஆண்பிள்ளை தாய்ப்பால் புகட்டுகிற காட்சியைப் போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

பெருமை இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. பால்வாடியில் எடை பார்க்கிற நாள். தூளித்துணியில் குழந்தையைப் போட்டுத் தராசில் மாட்டினேன். போன தடவை ஐந்து கிலோ நூறு கிராம். இந்தத் தடவை நாலு கிலோ தொள்ளாயிரம். ஐந்து மாதத்தை எட்டப்போகிற குழந்தை ஏறவேண்டிய நேரத்தில் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும். துணிக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்தது. அழவில்லை. அழாத குழந்தையைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

நான் பயந்தேன். பயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கோபமாக மாற்றிக்கொண்டேன். நம் வேலையில் இது மிகச் சுலபமாக நடந்துவிடும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையில் நிற்க, நடுவில் ஒரே ஆண்பிள்ளையாகக் கம்பை ஊன்றி நின்றவனைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏப்பா, பகல் பூராம் பிள்ளையப் பாக்குறியா, செல்லப் பாக்குறியா?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் போகிற நேரமெல்லாம் அவன் கையில் செல்போன் இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "டம்ளர்ப் பாலை இவரே குடிச்சிருப்பாருக்கா" என்றாள். சிரிப்பு இரண்டு மடங்கானது. நான் அதை நிறுத்தவில்லை. நிறுத்தவில்லை என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

காளிராஜ் துணியிலிருந்து குழந்தையை எடுத்தான். தோளில் போட்டான். கம்பு, கால், கம்பு, கால் என்று படியிறங்கிப் போனான்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சாக்கில் பாத்திரங்கள் கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கெளம்புற?"

"மேலதான் மேடம். அவ சோலி பாக்குற எஸ்டேட்டுல கூலியாளுக லயத்துல ஒரு ரூம் தர்றாங்களாம். நாளான்னைக்கு ஜீப்புல ஏறிருவோம்."

அதுவரை என்னை நர்ஸக்கா என்று கூப்பிட்டவன். அந்த 'மேடம்' என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"கேரளா எல்லைக்கு அங்கிட்டுப் போயிட்டா பிள்ளைய யாருப்பா பாக்குறது? குளிரு வேற. இந்த எடையில அது தாங்காது."

"இங்கன இருந்து மட்டும் என்னத்த ஏறுச்சு? மத்தியானம் அவளே வந்து பால் குடுத்துட்டுப் போவா. நான் செல்லப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்."

சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் அலாரங்கள். ஏழரை. பத்து. பன்னிரண்டரை. ஒவ்வொன்றின் கீழும் 'தன்ஷி பால்' என்று தட்டி வைத்திருந்தான். மாத்திரை தின்றுவிட்டு அசந்து தூங்கிவிடக் கூடாதே என்று வைத்ததாம். எவ்வளவு குடித்தது, எவ்வளவு கக்கியது என்று ஒவ்வொரு நாளும் குரலில் பதிந்து வேறு வைத்திருந்தான், ராத்திரி பொண்டாட்டிக்குப் போட்டுக் காட்ட. ஒன்றை ஓடவிட்டான். "தன்ஷி இப்ப முக்கா டம்ளர் குடிச்சிருச்சு, ஏப்பம் விட்ருச்சு, ஆத்தாளத் தேடுது" என்று அவன் குரல். பின்னால் குழந்தையின் 'ங்கா'.

என் அத்தனை வருட அனுபவமும் அந்த வாசலில் கீழே விழுந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அப்போது எனக்குள் வேறு ஒரு கேள்வி முட்டியது. இவன் சரியாகத்தான் புகட்டுகிறான். பகலுக்கு மூன்று தடவை. அவள் வந்ததும் கொடுக்கிறாள், தூங்குவதற்குள் மூன்று முறை, ராத்திரி இரண்டு முறை. என் பதிவேட்டில் எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கிறது. அப்படியென்றால் பால் எங்கே போகிறது?

"சாயந்தரம் அவ வந்ததும் நல்லாக் குடிக்குதா?"

யோசித்தான். "வாயி வைக்கும். ரெண்டு இழுப்பு இழுக்கும். அப்புறம் விட்டுட்டுக் கத்தும். அலுப்புல அப்பிடியே தூங்கிரும்."

பகலெல்லாம் கட்டிய மார்பு சாயங்காலம் கனத்துப் போயிருக்க வேண்டும். குழந்தைக்குத் திணறுகிற அளவு வரவேண்டும். இரண்டு இழுப்பில் விடுகிறது என்றால், ஜீப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. அந்த இடத்துக்கு என் பதிவேட்டில் கட்டமே இல்லை. நான் கேட்டதெல்லாம் 'எத்தனை தடவை' என்றுதான். எண்களுக்கு எல்லோரும் உண்மையாகத்தான் பதில் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் பஸ்சில் போடிமெட்டு ஏறினேன். மூன்றரைக்கு எஸ்டேட் ஜீப்பு வந்தது. பத்துப் பேர் போக வேண்டிய வண்டியில் பதினாறு பேர். சேலைக்கு மேல் புருஷன்மாரின் பழைய சட்டை, தலையில் துண்டு, நகக்கண்ணெல்லாம் காய்க்கறை. எல்லோரையும்விட மூத்தவள் ஒச்சம்மா, முப்பது வருடமாகக் காய் எடுக்கிறவள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து அரையடி இடம் கொடுத்தாள்.

"ஏத்தா நர்சு, நீயும் காயெடுக்க வந்துட்டியா? கெவருமெண்டுல சம்பளம் நிப்பாட்டிட்டாகளா?"

"முழங்காலு வலி. சும்மா காத்து வாங்க வந்தேன்."

"மொழங்காலு வலிக்கு மலைக்காத்தா! இவதான் நமக்கு மாத்தர குடுக்குறவ, பாத்துக்கங்கடி."

ஜீப்பு குலுங்கிச் சிரித்தது. பாண்டிச்செல்வி மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. புருஷனுக்கு நடந்த அவமானம் அவளுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். மேகம் கீழே கிடந்தது. கடைசிக் கொண்டை ஊசி. வண்டி கியரை மாற்றிப் பெருமூச்சு விட்டது. பாண்டிச்செல்வி சட்டென்று இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்தில் இன்னொரு இளம் தாய், அவளும்.

"என்னாச்சு?"

"இந்தச் சத்தம் கேட்டாலே எறங்கிரும்க்கா" என்றாள் மற்றவள், கூச்சத்தோடு. "வீடு வந்துருச்சுன்னு அதுக்குத் தெரியுது."

ஒரு ஜீப்பின் சத்தத்துக்குப் பால் சுரக்கிறது. இத்தனை வருடம் தாய்ப்பாலைப் பற்றிப் பேசி வாங்கிய சம்பளத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முந்தலில் ஒரு குழாயடி. ஜீப்பு அங்கே நின்றது. பெண்கள் இறங்கி மேல்சட்டையைக் கழற்றிப் பையில் திணித்தார்கள். சோப்புப் போட்டுக் கை, கால், முகம் கழுவினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அது நான் சொல்லிக்கொடுத்தது. அப்புறம் அந்த இரண்டு தாய்மார்களும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

பாண்டிச்செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பாலை மண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். நெடுநேரம். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். தன்ஷிகா பகலெல்லாம் காத்திருந்த பால், மண்ணில் வெள்ளையாக விழுந்து, உடனே மண்ணின் நிறமாகிக்கொண்டிருந்தது.

"என்னத்தா பண்ற!"

அவள் திரும்பினாள். முகத்தில் குற்றம் எதுவும் இல்லை. ஆச்சரியம்தான்.

"நீங்க சொன்னதுதானக்கா."

சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன், மருந்தடிக்கிற பருவத்தில், அதே காலனியில் கூட்டம் போட்டு, குரலை உயர்த்திச் சொல்லியிருக்கிறேன். 'உடம்புல மருந்தோட வந்து பிள்ளையத் தொடாதீங்க. அது விஷம். எல்லாத்தையும் கழுவிட்டுத்தான் தூக்கணும்.' கைதட்டினார்கள். அடுத்த ஊருக்குப் பஸ் வந்துவிட்டது, போய்விட்டேன். பாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நெடி மூக்கில் ஏறுகிறது, தோலில் ஏறுகிறது, பாலில் மட்டும் ஏறாதா? நான் பாதியில் விட்ட வாக்கியத்தை மீதி தூரம் அவர்களே கொண்டுபோயிருந்தார்கள். ஒழுங்காக, தவறாமல், தினமும். வீட்டில் ஆண்பிள்ளைக்கு இது தெரியாது. இது ஜீப்பில் வருகிற பெண்களுக்குள் நடக்கிற காரியம்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இவர்கள் நாளைக்கு மேலே குடியேறினால்? அங்கே எந்நேரமும் அந்த நெடிதான். எந்நேரமும் கொட்டிவிடுவாள். குழந்தைக்கு அந்த ராத்திரிப் பாலும் இல்லாமல் போகும்.

"கொட்டாத. போதும், நிறுத்து" என்றேன்.

சத்தம் கேட்டு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஒச்சம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "அப்ப மருந்து பால்ல எறங்காதா? அன்னிக்கு வெசம்னே, இன்னிக்குக் குடுங்கிற. எதத்தா நம்புறது?"

ஆறேழு ஜோடிக் கண்கள். ஜீப்பு டிரைவர் ஹாரன் அடிக்கிறார். "ஒண்ணும் ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்துவிட்டது. அதிகாரமாகச் சொன்னால் நம்பியும் இருப்பார்கள். ஆனால் முந்தைய தடவையும் அதிகாரமாகச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம். எனக்கு உண்மையிலேயே முழுதாகத் தெரியாது.

"எனக்கு முழுசாத் தெரியாதுத்தா" என்றேன். "தெரிஞ்சவங்களக் கேப்போம். இங்கனயே கேப்போம்."

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். நிலைமையைச் சொன்னேன். என் தப்பையும் சேர்த்து.

"கொட்ட வேண்டாம்மா" என்றார் டாக்டர். "கைய, மார்பச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. துணிய மாத்துங்க. உடனே பால் குடுங்க. மயக்கம், வாந்தி, கண்ணு மங்கல்னு இருந்தா மட்டும் மொதல்ல எங்கிட்ட வாங்க. பால்ல எதுவுமே வராதுன்னு நான் சொல்லல. ஆனா அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு இருக்குற ஆபத்து பசி."

ஒச்சம்மா குனிந்து போனுக்குள் பேசினாள். "டாக்டரய்யா, நீங்க ஆம்பளை. உங்களுக்குப் பாலப் பத்தி என்ன தெரியும்?"

போனில் டாக்டர் கேட்டார்: "எங்க வீட்டுல கேட்டுட்டு வேணும்னா திரும்பக் கூப்பிடவா ஆத்தா?"

அவ்வளவுதான், குழாயடி வெடித்துச் சிரித்தது. பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு மாசமாக் கொட்டிட்டேனேக்கா."

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். அப்போது பாடம் நடத்தாதீர்கள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன். "நீ கொட்டல, நான் கொட்டவச்சேன். வா, வெரசாப் போவோம்" என்றேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை, ஓட்டமும் நடையுமாகப் போனோம். ஒரு பக்கத்தில் இன்னும் பால் மிச்சமிருந்தது. அன்றைக்குத் தன்ஷிகா இரண்டு இழுப்பில் விடவில்லை. கன்னம் அசைய, தொண்டை 'களக் களக்' என்று ஒலிக்க, கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.

காளிராஜ் சாக்குமூட்டைமேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "நான் அன்னைக்குப் பேசுனது தப்புப்பா" என்றேன்.

"பேசுனது அத்தன பேரு முன்னாடி. தப்புன்னு சொல்றது இங்கன, மூணு பேரு முன்னாடி" என்றான். குரலில் சூடு இல்லை. கணக்குச் சரியாக இல்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

"அங்கயும் சொல்றேன். அடுத்த எடை வரைக்கும் போகாத."

குழந்தையைப் பார்த்தான். பொண்டாட்டியைப் பார்த்தான். "பதினஞ்சு நாளு. ஏறலேன்னா லயத்துக்குப் போயிருவோம். அப்புறம் நீங்க வரக் கூடாது."

அந்தப் பதினைந்து நாளும் மற்றக் காலனிகளுக்கெல்லாம் நடந்தேன். அங்கேயும் கூட்டம் போட்டு முன்பு கைதட்டு வாங்கியிருந்தேனே. நாலு இடத்தில் பாலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை வீடுவீடாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டுவர அத்தனை நாள் பிடித்தது. பயத்தை விதைத்தால் அதற்கு வரப்பும் கட்டிவிட்டு வாருங்கள். இதிலிருந்து இதுவரைதான் பயம், இதற்கு அப்பால் வேண்டாம் என்று. பஸ் போனால் போகட்டும். சொன்னது எப்படிப் புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்சில் ஏறுங்கள்.

எடை நாள் வந்தது. அதே பால்வாடி, அதே வரிசை. நான் தராசைத் தொடுவதற்கு முன் சொன்னேன். காளிராஜ் மேல் எந்தப் பிசகும் இல்லை, பிசகு என்னுடையது, அன்றைக்கு அவனைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்கவிட்டதும் என் பிசகுதான் என்று. போன தடவை டம்ளர்ப் பால் என்று கேலி பேசியவள் தலையைக் குனிந்துகொண்டாள். குரல் எனக்கு நடுவில் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று முழுவதும் சொல்லி முடித்தேன்.

பிறகு தன்ஷிகாவைத் துணியில் இட்டேன். அது கையைக் காலை உதைத்ததில் முள் நிற்காமல் ஆடியது. காத்திருந்தேன். நின்றது. ஐந்து கிலோ இருநூற்று ஐம்பது. சொன்னேன். பாதிச் சத்தம்தான் வெளியே வந்தது.

காளிராஜ் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கம்பை எடுத்தான். வாசல்வரை போனவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"நர்ஸக்கா, எடைய இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."